நினைவில்லாத சைகை: லைப்ரரி மாறும்போது கண்டிஷன் வேரியபிள்

பல த்ரெட்கள் ஒரே தரவைப் பகிர்ந்துகொள்ளும் நிரலில், வேண்டிய நிலை வரும்வரை ஒரு த்ரெட் செயலியின் நேரத்தைத் தின்னாமல் உறங்கிக் காத்திருக்க உதவுவது கண்டிஷன் வேரியபிள். காத்திருக்கப்போகும் த்ரெட் பூட்டைக் கையில் வைத்தபடியே வெயிட் அழைப்பைச் செய்கிறது. பூட்டை விடுவதும் உறங்கப்போவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக அந்த அழைப்புக்குள் நடக்கின்றன. எழுப்பப்பட்ட த்ரெட், பூட்டை மறுபடி பெற்ற பிறகே அழைப்பிலிருந்து திரும்புகிறது. பூட்டை விட்டதற்கும் உறங்கியதற்கும் நடுவே இம்மியளவு இடைவெளி இருந்தாலும், அதற்குள் வரும் சைகை யாருக்கும் எட்டாமல் போகும். அந்த இடைவெளியை அடைத்ததே இந்தக் கருவியின் முதல் சாதனை.

இதை ஆரம்பத்திலிருந்து கற்க நல்ல வழி ஒன்று டெல்லியில் இருக்கிறது. ஹௌஸ் காஸில் உள்ள டெல்லி ஐஐடியின் சோரவ் பன்சல் நடத்திய இயங்குதள விரிவுரைகள் என்பிடிஇஎல் என்ற இணையவழிப் பாடத் தளம் வழியாக எவருக்கும் கிடைக்கின்றன. எம்ஐடி 2006இல் பாடத்துக்கென உருவாக்கிய எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளத்தின் மூலநிரலை வைத்து அவை நடக்கின்றன. எக்ஸ்வி6இல் கண்டிஷன் வேரியபிள் என்று தனிப் பொருள் கிடையாது. ஸ்லீப் என்ற செயற்கூறு ஒரு நினைவக முகவரியையும் ஒரு பூட்டையும் வாங்கிக்கொள்கிறது. வேக்அப், அந்த முகவரியில் உறங்கும் எல்லாரையும் எழுப்பிவிடுகிறது. பைப் நிரலில் 512 பைட் அளவுள்ள இடையகம் நிரம்பினால் எழுதும் பக்கம் உறங்கும், காலியானால் படிக்கும் பக்கம் உறங்கும். இரண்டு பக்கமும் தனித்தனி முகவரியில் காத்திருக்கின்றன. இரண்டிலும் சோதனை வைல் சுழலுக்குள் இருக்கிறது.

இந்தப் பழக்கத்தோடு பித்ரெட்ஸ் (போசிக்ஸ் த்ரெட்கள்) லைப்ரரிக்கு வரும் மாணவர் சந்திக்கும் முதல் பள்ளம், சைகை கொடுக்கும் சிக்னல் அழைப்பு. காத்திருப்பவர்களில் குறைந்தது ஒருவரை எழுப்புவதாக மட்டுமே அது உறுதி தருகிறது. படிப்பவர்களையும் எழுதுபவர்களையும் ஒரே கண்டிஷன் வேரியபிளில் உறங்கவைத்து சிக்னல் அனுப்பினால், எழ வேண்டியவர் உறங்கிக்கொண்டிருக்க, வேலையில்லாதவர் எழுந்து பார்த்துவிட்டு மறுபடி உறங்கலாம். அதோடு எல்லாம் நின்றுபோகும். எக்ஸ்வி6இல் எல்லாரும் எழுப்பப்படுவதால் இந்தத் தவறு அங்கே தலைகாட்டுவதே இல்லை. எல்லாரையும் எழுப்பும் பிராட்காஸ்ட் பித்ரெட்ஸிலும் உண்டு. ஆனால் நூறு த்ரெட் எழுந்து ஒன்றுக்கு மட்டும் வேலை கிடைக்கும் இடங்களில் அதன் செலவு பெரிது.

வைல் சுழல் ஏன் தேவை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. டோனி ஹோர் 1974இல் முன்வைத்த, பகிர்ந்த தரவையும் பூட்டையும் சேர்த்துக் கட்டும் மானிட்டர் அமைப்பில், சைகை கொடுத்த உடனேயே பூட்டு எழுந்தவரின் கைக்குப் போய்விடும். ஆகவே எழுந்தவர் நிபந்தனையை மறுபடி சோதிக்க வேண்டியதில்லை. ஜெராக்ஸில் உருவான மெஸா மொழியின் அனுபவத்தை பட்லர் லாம்ப்சனும் டேவிட் ரெடெலும் 1980இல் எழுதியபோது, சைகையை வெறும் குறிப்பாகத் தளர்த்தியிருந்தார்கள்: நிலை மாறியிருக்கலாம், எழுந்து பார்த்துக்கொள். 1995இல் தரப்படுத்தப்பட்ட போசிக்ஸ் த்ரெட்களும் ஜாவாவும் சி++உம் இந்த இரண்டாம் வழியையே எடுத்துக்கொண்டன. யாரும் சைகை கொடுக்காமலே த்ரெட் எழுந்துவிடவும் அவை இடம் தருகின்றன. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு; உண்மையில் இந்த வடிவமைப்பின் ஆகப்பெரிய பலம் இதுதான். எழுந்தவர் தாமே நிலையைச் சோதிப்பதால், தேவையற்ற விழிப்பால் கொஞ்சம் நேரம்தான் வீணாகும். நிரலின் சரித்தன்மைக்குச் சேதம் வராது. தவறிப்போன விழிப்பு மட்டுமே கொல்லும். லைப்ரரி மாற்றத்தில் வரும் பெரும்பாலான கோளாறுகள், பழைய லைப்ரரி மறைமுகமாகத் தந்துவந்த ஒரு விழிப்பு புதியதில் கிடைக்காமல் போவதால் வருபவையே.

விண்டோஸ் ஈவென்ட்களிலிருந்து மாறும்போது இது தெளிவாகத் தெரியும். விஸ்டாவுக்கு முன் விண்டோஸில் கண்டிஷன் வேரியபிள் இல்லை. ஈவென்ட் பொருள்களே அந்த வேலையைச் செய்தன. ஈவென்டுக்கு நினைவு உண்டு: யாரும் காத்திருக்காத நேரத்தில் எழுப்பினாலும் அது எழுப்பிய நிலையிலேயே நிற்கும், பின்னால் வருபவர் உடனே கடந்துபோவார். கண்டிஷன் வேரியபிளுக்கு அந்த நினைவு இல்லை. வெயிட்டுக்கு முன்னால் வந்த சைகை காற்றோடு போயிற்று. ஈவென்ட் அழைப்புகளை வரிக்கு வரி மாற்றி, நிலையைக் குறிக்கத் தனியே ஒரு மாறியைச் சேர்க்காமல் விட்டால், உருவாக்கியவரின் கணினியில் ஓடிய நிரல் சுமை ஏறிய சர்வரில் உறைந்துபோகும். அங்கே த்ரெட்கள் கிளம்பும் வரிசை வேறு.

ஜாவாவுக்குள்ளேயே நடக்கும் மாற்றம் இதைவிடக் கருணையானது. 2004இல் வந்த ஜாவா 5, ஒரே பூட்டின்மேல் பல கண்டிஷன்களை வைக்க வழி செய்தது. அழைப்புகளுக்கு அவெய்ட், சிக்னல் என்று பெயர். கண்டிஷனும் ஒரு பொருளே என்பதால் பழைய வெயிட் அதற்கும் மரபாக வந்துசேரும். கைப்பழக்கத்தில் வெயிட் என்று எழுதினால் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். ஆனால் நிரல் ஓடும்போது பெரும்பாலும் அந்த வரியிலேயே பிழை வீசப்பட்டு அகப்பட்டுக்கொள்ளும்.

பூஸ்ட் லைப்ரரியிலிருந்து சி++11க்குப் போவது, பெயர்கள் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதாலேயே ஆபத்தானது. பூஸ்டில் உறங்கும் த்ரெடை இன்டரப்ட் அழைப்பால் எழுப்பி வெளியேற்றலாம். வெயிட் அதற்கான இடமாக வகுக்கப்பட்டிருக்கிறது. சி++11இல் அந்த வசதி இல்லை. சி++20இன் ஸ்டாப் டோக்கன் வரும்வரை அதற்கு ஈடும் இல்லை. நிரலை மூடும் பகுதி இன்டரப்டை நம்பியிருந்தால், அந்த வரியை நீக்கியதும் எல்லாம் கம்பைல் ஆகும், சோதனைகளும் தேறும். மூடச் சொன்ன நாளன்று நிரல் மூட மறுக்கும்.

நேரக்கெடு வைத்த காத்திருப்பில் சிக்கல் இன்னும் ஆழமானது. போசிக்ஸ் கெடு முடியும் கடிகார நேரத்தைக் கேட்கிறது. விண்டோஸ் இத்தனை மில்லிநொடி என்று கேட்கிறது. முதலாவதற்கு எழுதிய வைல் சுழலை அப்படியே இரண்டாவதற்குக் கொண்டுபோனால், ஒவ்வொரு வீண் விழிப்புக்குப் பிறகும் கெடு புதிதாகத் தொடங்கும். மறுபக்கம், போசிக்ஸின் இயல்பான கடிகாரம் சுவர்க்கடிகாரத்தைப் போன்றது. நிர்வாகி நேரத்தைத் திருத்தினால் காத்திருப்பும் நீளும் அல்லது சுருங்கும். இதைத் தவிர்க்க, யாரும் திருத்த முடியாத ஸ்டெடி கிளாக்கில் கெடு கொடுத்த சி++ நிரல்களையும் ஜிசிசி கம்பைலரின் சி++ லைப்ரரி பல ஆண்டுகள் உள்ளுக்குள் சிஸ்டம் கடிகாரத்துக்கு மாற்றியே இயக்கியது. லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி, 2.30 பதிப்பில் அதற்கான அழைப்பை 2019இல் தந்தது. 2020இல் வந்த ஜிசிசி 10 அதைப் பயன்படுத்தியது. அதுவரை நிரலாளர் சரியாக எழுதியும் பயனில்லை.

அடித்தளமே தவறிய சம்பவமும் உண்டு. ஜிலிப்சி 2.25, 2017இல் கண்டிஷன் வேரியபிளின் உள்வேலையை முற்றிலும் மாற்றி எழுதியது. மிக அரிதான வரிசையில் சிக்னல் காணாமல் போகிறது என்று 2020இல் புகார் பதிவானது; நிரலாளர் மால்ட்டே ஸ்காருப்கே டிஎல்ஏ+ மொழியில் அதை மாதிரிப்படுத்தி விளக்கினார். திருத்தம் 2025 ஜனவரியில் 2.41 பதிப்பில்தான் வந்தது. இதற்காகக் கண்டிஷன் வேரியபிளைக் கைவிடச் சொல்வது நியாயமில்லை. ஆனால் லைப்ரரியை மாற்றும்போது, அதன் பதிப்பு எண்ணும் நடத்தையின் ஒரு பகுதியே.

கருவியின் அடிப்படைக் குறை வேறு இடத்தில் இருக்கிறது. எந்தப் பூட்டு எந்தத் தரவைக் காக்கிறது, எந்த நிபந்தனைக்காக இந்த உறக்கம் என்பவை பித்ரெட்ஸ் நிரலில் எங்கும் பதிவாவதில்லை. எழுதியவர் தலையில் மட்டும் இருக்கின்றன. ரஸ்ட் இதைப் பாதி சரிசெய்கிறது: தரவு பூட்டான மியூடெக்ஸின் உள்ளே இருக்கிறது, பூட்டைப் பிடித்ததற்கான கார்டைக் கொடுக்காமல் வெயிட் அழைக்கவே முடியாது. நிபந்தனையையே வெயிட்டுக்குக் கொடுக்கும் சி++ வடிவம் வைல் சுழலை மறக்கவிடாது. கோ மொழியில் நேரக்கெடு வைத்த வெயிட் இல்லை. அங்கே சேனல்களே முதல் தேர்வு. ஒருமுறை மட்டும் நிகழும் ஒன்றுக்காகக் காத்திருக்க லாட்ச் போதும். எண்ணிக்கை கொண்ட வளத்துக்கு, நினைவுள்ள செமஃபோர் மேல். பல தரவுகளைச் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கும் நிபந்தனைகளில் கண்டிஷன் வேரியபிளின் நெகிழ்வு தனித்து நிற்கிறது.

மாற்ற வேண்டிய நிரல் கையில் இருந்தால், பழைய லைப்ரரியிலேயே ஒவ்வொரு வெயிட்டுக்கும் உரிய நிபந்தனையை எழுதி, சிக்னல்களையெல்லாம் பிராட்காஸ்ட் ஆக்கி, மூடும் பகுதிக்குத் தனிக் கொடி வைத்து ஓட்டிப் பார்ப்பது நல்லது. பெயர்களை மாற்றுவது அதற்குப் பிறகு. வேகத்துக்காக பிராட்காஸ்டைச் சிக்னலாகக் குறைப்பது, எல்லாரும் ஒரே நிபந்தனைக்குக் காத்திருக்கும் இடங்களில் மட்டும், ஒவ்வொன்றாக.