வள்ளி பணிந்தது ஏன்?

நள்ளிரவு கடந்துவிட்டது. ஆரப்பாளையத்துத் தெருவொன்றிலே, அம்மன் கோயில் பொங்கல் விழாவுக்கெனப் போட்ட மேடை. பபூனின் கேலிக்குச் சிரித்து ஓய்ந்த கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறது. ஆர்மோனியக்காரர் சுருதி கூட்டுகிறார். தினைப்புனம் காக்கும் குறமகள் ஒருபுறம். தம்பூரா ஏந்திய நாரதர் மறுபுறம். தர்க்கம் துவங்கப் போகிறது!

“புராணக் குப்பையைக் கிளற நமக்கென்ன வேலை?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நானும் அவ்வாறு கேட்டவனே. சென்ற பங்குனியிலே விடியும்வரை அமர்ந்து பார்த்தேன். குப்பை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குப்பையிலே ஒரு பெண்ணின் அறிவு புதையுண்டு கிடக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவதும் நேர்மையன்று.

‘வள்ளி திருமணம்’ நாடகத்தை இன்றைய மேடைக்குத் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). 1918-ல் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை அமைத்துச் சிறுவர்களை நடிகர்களாக்கியவர் அவர். அவர் நாடகங்களை வைத்து வளர்ந்த ‘ஸ்பெஷல் நாடக’த்திலே ஒத்திகை கிடையாது. ஓர் ஊரிலிருந்து ராஜபார்ட், மற்றோர் ஊரிலிருந்து ஸ்திரீபார்ட், வேறோர் ஊரிலிருந்து நாரதர். அன்று மாலைவரை ஒருவர் முகத்தை ஒருவர் காணாதவர்களும் அன்றிரவே மேடையிலே எதிரெதிர் நிற்பர். பாட்டு தெரியும், கதை தெரியும். ஆனால் நாரதர் எந்தக் கேள்வியை வீசுவார்? தெரியாது! வீசிய கேள்விக்கு அந்த நொடியிலேயே விடை சொல்ல வேண்டும். மனப்பாடம் உதவாது, மதி வேண்டும். எழுத்தறியாத முதியவளும் ஆலைத் தொழிலாளியும் அந்த நேரத்திலே கண் அயராமல் காத்திருப்பது எதற்காக? முற்றும் துறந்த முனிவனை, முறம் பின்னும் குலத்து மங்கை மடக்குவதைக் காண்பதற்காக!

கல்லூரியிலே படித்த ஆங்கில நாடகமொன்று அப்போது நினைவுக்கு வந்தது. ஜான் கே எழுதிய ‘பிச்சைக்காரன் இசைநாடகம்’. 1728 ஜனவரி 29-ல் லண்டனில் அரங்கேறி, முதல் பருவத்திலேயே 62 முறை நடந்தது. அரண்மனைச் சீமான்கள் இத்தாலிய இசைநாடகத்துக்குப் பொருள் புரியாமல் தலையாட்டிய காலம். கே தெருப்பாட்டு மெட்டுகளை எடுத்தார், திருடரையும் சிறைக்காவலனையும் மேடையேற்றினார், முதலமைச்சர் வால்போலைச் சாடினார். நாயகி பாலி. தந்தை பீச்சம், திருட்டுப் பொருள் வாங்கி விற்பவன். திருடரைக் காட்டிக் கொடுத்து ஆளுக்கு 40 பவுண்டு பரிசும் பெறுபவன். மகள் ஒரு வழிப்பறிக்காரனைக் காதலித்து மறைவாக மணந்துவிட்டாள் என்றதும் பெற்றோர் துடிக்கிறார்கள். திருடனை மணந்தாளே என்றா? இல்லை, இல்லை, மணந்தாளே என்று! போனது போகட்டும், அவனைத் தூக்குமேடைக்கு அனுப்பிவிட்டுக் கைம்பெண்ணாகிப் பணத்தைப் பெறு என்று பெற்றவர்களே புத்தி சொல்கிறார்கள். எல்லாம் விலை பேசப்படும் அந்த வீட்டிலே, விலை பேசாதவள் அவள் ஒருத்திதான். கேலி நாடகத்திலே கேலிக்கு ஆளாகாத காதல் அவளுடையது.

அந்தப் பாலிக்கு இல்லாத பேறு வள்ளிக்கு உண்டு. பாலி மன்றாடுகிறாள், அழுகிறாள், பாடுகிறாள், வள்ளியோ வாதாடுகிறாள். வேடன் வேடத்திலே வந்தவன் குழைந்து பேசுகிறான், விரட்டுகிறாள். வேலனாய், கிழவனாய் எந்த உருவெடுத்து வந்தாலும் அவள் சொல்லுக்கு முன் அவன் சொல் நிற்கவில்லை.

பிறகு என்ன செய்தான் அந்தக் காதலன்? அண்ணனை அழைத்தான். யானை வந்தது! அலறிய பெண், சற்றுமுன் எள்ளி நகையாடிய கிழவனையே கட்டிக்கொள்கிறாள். காப்பாற்று, உன்னையே மணக்கிறேன் என்கிறாள். விடியவிடிய நடந்த தர்க்கத்துக்கு யானையா விடை? வாதத்திலே தோற்றவன் அச்சத்தைக் காட்டி வென்றான். அதற்குப் பெயர் திருமணமாம். மிரட்டிப் பெற்ற இசைவு இசைவாகுமா? கூட்டத்திலே ஒருவரும் கேட்கவில்லை. துதிக்கை கண்டு குழந்தைகள் கைதட்டின.

வள்ளியை நற்றிணை அறியும். பின்வந்த கந்தபுராணமோ அவளைக் குறத்தியாக இருக்க விடவில்லை. முற்பிறவியிலே திருமாலின் மகள் என்றது, முனிவன் நோக்கால் மான் ஈன்ற மகவு என்றது. கடவுள் குறவர் வீட்டிலே பெண்ணெடுக்கலாகாதாம்! குறிஞ்சிப் பெண்ணுக்குப் போலிப் பிறப்புச் சான்று எழுதிய முதல் அலுவலகம் அதுதான் போலும்.

எழுதியவன் மட்டுமா சாதி பார்த்தான்? மேடையும் பார்த்தது. சிவகாசியிலே 1886-ல் நாவிதர் குலத்திலே பிறந்த விசுவநாததாஸ், இந்நாடகத்திலே முருகனாக வந்தவர். புனத்துப் பறவையோட்டும் காட்சியிலே வெள்ளைக் கொக்கைப் பாடி வெள்ளையனைச் சாடியவர்; அதற்காகப் பலமுறை சிறை புகுந்தவர். கே வால்போலைச் சாடிய உத்திதான். ஆனால் கே சிறை செல்லவில்லை. இந்தத் தாசுடன் இணைந்து நடிக்க உயர்சாதி நடிகையர் மறுத்ததுண்டு. எண்ணிப் பாருங்கள்: சாதி கடந்த மணத்தைப் பாடும் நாடகம், அதிலே முருகன் நாவிதர் குலத்தவன் என்பதால் வள்ளியாக வர மறுப்பு! 1940 டிசம்பர் 31-ல், சென்னை மேடையிலே, மயில்மீது அமர்ந்து பாடியபடியே அவர் உயிர் நீத்தார்.

நாடகத்தின் கடைக்கட்டத்தில் நம்பிராசன் படையோடு வருகிறான். பெண்ணைக் கொண்டுபோனவனோடு போரிட்டு மடிகிறார்கள்; வள்ளி வேண்ட, எழுகிறார்கள். விடிகாலையிலே கூட்டம் கன்னத்திலே போட்டுக்கொள்கிறது. 2016 மார்ச் 13-ல் உடுமலைப்பேட்டைத் தெருவிலே, சாதி கடந்து மணந்தான் என்பதற்காகப் பட்டப்பகலில் வெட்டுண்ட இளைஞன் எழவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டார் போன்றோரும் ‘வள்ளி திருமணம்’ பார்த்துக் கைகூப்பியவர்களாகவே இருக்கக்கூடும்.

ஒத்திகையில்லாத நாடகம் என்றேன். எழுதிய சொல் கட்டிப் போடாத மேடை அது. அப்படியானால் யானையை நிறுத்த யாருடைய ஒப்புதல் வேண்டும்? தர்க்கத்தை நாரதரோடு முடிக்காமல் முருகனோடும் தொடரட்டுமே! அவன் விடை சொல்லட்டும்; அவள் மனம் ஒப்பினால் மணக்கட்டும், ஒப்பாவிட்டால் பரணுக்குத் திரும்பட்டும். மேடையைக் கொளுத்துவதைவிட இது கடினமான வேலை. நம் இளைஞர்கள் இதைச் செய்யலாம்.

விடிந்ததும் வள்ளியாக நடித்த அம்மையாரிடம் இதைச் சொன்னேன். முகப்பூச்சைத் துடைத்தபடி சிரித்தார். “யானை வரலைன்னா ஊர்க்காரங்க பேசின பணத்தத் தருவாங்களா, தம்பி?” என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டடி நடந்தவர் திரும்பினார். “ஆனா ஒண்ணு. நாரதர்கிட்ட நான் ஒரு நாளும் தோத்ததில்ல.” அன்றிரவு வேறோர் ஊரிலே நாடகமாம். தேனி வண்டி பிடிக்க ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார்.