கார்பன் சதவீதமும் செம்மண் தரையும்

ஹாக்கி மட்டை பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சிதான். "மரமட்டை காலம் முடிஞ்சது, இனி கார்பன்தான்" என்பது ஒன்று. "மரமட்டையோடு நம்ம ஹாக்கியும் போச்சு" என்பது இன்னொன்று. இரண்டு பேருமே மட்டையைப் பார்க்கிறார்கள், தரையைப் பார்ப்பதில்லை.

முதலில் பழம்பெருமைக் கட்சி. மரமட்டைக்குப் பெருமை உண்டு, மறுக்கவில்லை. முசுக்கொட்டை, அதாவது மல்பெரி மரத்தின் இழை நெருக்கமானது. ஆவியில் வைத்து இறுக்கமாக வளைக்கலாம். அதனால்தான் இங்கிலாந்தின் நீண்ட மூக்கு மட்டை போய்க் குட்டைத் தலை வந்தது. மட்டையைத் திருப்பிப் பந்தை இருபக்கமும் தள்ளும் ஆட்டமும் எளிதானது. ஆனால் வரிசையாக ஆண்டுகளைப் பாருங்கள். ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது 1976 மான்ட்ரியலில். இந்தியாவுக்கு 7ஆம் இடம். 1986 உலகக் கோப்பையில் 12 அணிகளில் 12ஆவது. கார்பன் கலவை மட்டைகள் பரவியதோ 1990-களில். நாம் சரிந்தபோது நம் கையில் இருந்தது மரம்தானே? அப்புறம் பழியை மட்டைமேல் போடுவது எப்படி?

"நம் மண்ணின் மரம்" என்பதும் நம்மூருக்குச் சரிவராது. பழனிக்கு மேற்கே உடுமலைப் பக்கம் போனால் மல்பெரி ஏக்கர் கணக்கில் நிற்கும். எல்லாம் பட்டுப்புழுவுக்கு இலை பறிக்க, அடியோடு கவாத்து செய்கிற செடி. மட்டை வருவது ஜலந்தர், மீரட்டிலிருந்து.

இனி கார்பன் கட்சி. மட்டையில் 50%, 70%, 95% என்று அச்சடித்திருக்கும். நிறையப் பெற்றோர் இதை மதிப்பெண் போலப் படிக்கிறார்கள். இந்த எண் எந்த வகைக் கார்பன், இழைகள் எந்தத் திசையில் அடுக்கப்பட்டன, பிசின் என்ன என்று எதையும் சொல்லாது. மென்பொருள் வேலையில் ஒரே ஒரு பெஞ்ச்மார்க் எண்ணைக் காட்டி விற்பார்களே, அதே சங்கதி.

கார்பன் தருவது விறைப்பு. அடி வேகமாகும், உண்மை. அதற்கும் விதி கடிவாளம் போட்டிருக்கிறது: சோதனையில் பந்தின் வேகம் மட்டைத் தலையின் வேகத்தில் 98%-ஐத் தாண்டக்கூடாது, எடை 737 கிராமுக்கு மேல் போகக்கூடாது. அதே விறைப்பு, பந்தை நிறுத்தப் பழகும் பிள்ளைக்கு எதிரி. பந்து மட்டையில் ஒட்டாமல் துள்ளிப் போகும். கண்ணாடி இழை கூடுதலாக உள்ள மட்டை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அராமிட் இழை அதிர்வைக் குறைக்கும்.

சரி, தரைக்கு வருவோம். நம் பள்ளிகளில் பெரும்பாலும் செம்மண், சரளை. அதில் தினமும் உரசினால் கலவை மட்டையின் அடிவிளிம்பு தேய்ந்து இழை வெளியே வரும். வீட்டில் வைத்துச் சரிசெய்கிற வேலை இல்லை. மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டேப் சுற்றி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

ஆனால் கொடைக்கானல் கதை வேறு. 2,100 மீட்டர் உயரம், இரண்டு பருவமழையும் உண்டு, போதாக்குறைக்கு மூடுபனி. மரம் ஈரம் குடித்து உப்பும், காயும்போது வெடிக்கும். அங்கே குறைந்த கார்பன், நிறையக் கண்ணாடி இழை உள்ள மட்டைதான் புத்திசாலித்தனம். ஆக அடிவாரத்துக்கு ஒரு பதில், மலைக்கு ஒரு பதில்.

2025-இல் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடியதையும் நம் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் உயர்ரகக் கார்பன் மட்டை ஒன்றின் விலை பத்தாயிரத்தைத் தாண்டும். அந்தக் காசில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு மரமட்டை வாங்கிவிடலாம். விறைப்பான மட்டை தினமும் டர்ஃபில் ஆடுகிறவருக்கு, டிராக் ஃப்ளிக் பழகுகிறவருக்கு. செம்மண்ணில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைத் திணித்தால், பந்து நிற்காத சலிப்பில் ஆட்டத்தையே விட்டுவிடும்.

கடைக்குப் போகும்முன் பிள்ளை ஆடுகிற மைதானத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.