மெர்கோங்கில் ஒரு டயர் கடையின் வாசகம்

மலேசியாவின் கெடா மாநிலத்து அலோர் ஸ்டாரின் மெர்கோங் தொழிற்பேட்டையருகே டயர் பஞ்சராகி, வழியோரத்தில் கைப்பேசியைத் திறக்கும் லாரி ஓட்டுநரின் அவசரத்தை மனத்தில் நிறுத்தி, ஊரும் தொழிலும் தலைப்பிலேயே விளங்கும்படி ஒரு கடையின் இணையப் பக்கத்தை எழுதுகிறவரின் சாமர்த்தியத்தை நான் உயர்ந்த கலையாகவே மதிக்கிறேன். 2003-இல் மாநகரானபோது அலோர் ஸ்டார் என்றும், 2009 முதல் மீண்டும் அலோர் செத்தார் என்றும் வழங்கப்பெற்ற நகரமாதலால், எப்பெயரில் தேடுவோருக்கும் கிடைக்கும்படி இரு பெயர்களையும் வாக்கியப் போக்கில் இயல்பாகச் சேர்ப்பதே விவேகம். அவற்றை மறைவாக இட்டுப் பயனில்லை: பக்கத்தினுள் மறைத்து வைக்கும் குறிச்சொற் பட்டியலைத் தேடல் தரவரிசைக்குக் கருதுவதில்லையென்று கூகிள் பகிரங்கமாக அறிவித்ததும் அதே 2009-இல்தான். ஒரே சொல்லை ஜபம்போல் அடுக்குவதோ வாசகனையும் விரட்டிவிடும். வெள்ளிக்கிழமை வார விடுமுறையான கெடாவிலே, 'வெள்ளியன்றும் திறந்திருக்கும். லாரி டயர் மாற்றித் தரப்படும்' என்னும் ஒரு வரி, எத்தனையோ அலங்காரப் பத்திகளைக் காட்டிலும் எனக்குப் பரம திருப்தி அளிக்கிறது!