டைக்ஸ்ட்ராவின் நகல் குறிப்புகள்: எதை மேற்கோள் காட்டுகிறோம், எதைப் படிப்பதில்லை

கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு டைக்ஸ்ட்ரா என்றதும் பரீட்சைத் தாள்தான் ஞாபகம் வரும். ஏழெட்டு வட்டம், நடுவே கோடுகள், கோட்டின் மேல் எண்கள். இங்கிருந்து அங்கே போகக் குறுகிய பாதை எது? 1956ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில், காகிதமும் பேனாவும் இல்லாமல், 20 நிமிடத்தில் யோசித்த விஷயம் அது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அச்சில் வந்தது 1959ல். அதற்குப் பிறகு 40 வருஷத்துக்கு மேல் மனுஷன் எழுதிக் குவித்ததை நம்மில் ரொம்பப் பேர் படித்ததில்லை. மேற்கோள் மட்டும் காட்டுகிறோம்.

அந்தக் குவியலுக்குப் பெயர் இ.டபிள்யூ.டி. எட்ஸ்கர் வைபே டைக்ஸ்ட்ரா என்ற பெயரின் முதலெழுத்துகள்தான். பக்கத்தில் ஒரு வரிசை எண். முதலில் டைப்ரைட்டர், பிறகு ஃபவுண்டன் பேனா. ஒன்றை எழுதி முடித்தால் நகலெடுத்துச் சில டஜன் பேருக்குத் தபாலில் அனுப்புவார். அவர்கள் அதை நகலெடுத்துத் தங்களுக்குத் தெரிந்தவர்களிடம் கொடுப்பார்கள். கடைசி எண் 1318, தேதி 2002 ஏப்ரல். அதே வருஷம் ஆகஸ்டில் அவர் இறந்தார். கிடைத்தவற்றை எல்லாம் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

உள்ளே என்ன இல்லை என்று கேளுங்க. நிரூபணங்கள், வகுப்புக் குறிப்புகள், அடுத்தவர் கட்டுரைக்கு மதிப்புரை, கற்பனைக் கம்பெனி ஒன்றின் தலைவராக எழுதிய கடிதங்கள். (அந்தக் கம்பெனி கணிதத் தேற்றங்களைத் தயாரித்து விற்கும், மென்பொருள் கம்பெனிகள் புரோகிராம் விற்பது போலவே. நிரூபணம் மட்டும் வியாபார ரகசியம்!) எனக்கு ரொம்பப் பிடித்தவை பயண அறிக்கைகள். எந்த ஊருக்குப் போனார், யார் வரவேற்றார்கள், கரும்பலகை எப்படி இருந்தது, கேட்க வந்தவர்கள் யோசிக்கிறவர்களா வெறுமனே தலையாட்டுகிறவர்களா. அலுவல் பயணத்தை இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் எழுதி, நிறுவனத்துக்கும் நண்பர்களுக்கும் ஒரே பிரதியை அனுப்பிய விஞ்ஞானி வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

இதெல்லாம் ஒருத்தருக்கு எப்படி முடிந்தது? 1973ல் பரோஸ் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி அவரை ஆராய்ச்சியாளராக எடுத்துக்கொண்டது. வேலை செய்யும் இடம் நெதர்லாந்தில் நூனன் என்ற சின்ன ஊரில் அவருடைய வீட்டு மாடி அறை. அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சி மையங்களிலேயே மிகச் சிறியது அதுதான். வாரத்தில் ஒரு நாள் ஐந்தோவன் பல்கலைக்கழகம், அங்கே செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு சின்னக் குழுவோடு பேச்சு. மற்ற நாள் எழுத்து. 1984ல் ஆஸ்டினுக்குப் போகும்வரை இப்படித்தான். அந்தப் பதினோரு வருஷத்தில் மட்டும் ஏறக்குறைய 500 குறிப்புகள். ரெஃப்ரீ கிடையாது, பக்க வரம்பு கிடையாது, சான்றுப் பட்டியல் போட வேண்டிய கட்டாயம் கிடையாது. 1976ல் வந்த அவருடைய புத்தகத்திலேயே நூற்பட்டியல் இல்லை. இல்லாததற்கு அவர் வருத்தமும் தெரிவிக்கவில்லை.

நிற்க. இந்தச் சுதந்திரம் எழுத்துக்கு என்ன செய்தது என்பதுதான் கேள்வி.

மேற்கோள் காட்டப்படுவது பெரும்பாலும் 498. 1975ல் எழுதியது, வலிக்கக்கூடிய உண்மைகளை எப்படிச் சொல்வது என்று தலைப்பு. கோபால் மொழி மூளையைக் கெடுக்கும், பேசிக் கற்ற மாணவனுக்கு நல்ல புரோகிராமிங் சொல்லித்தரவே முடியாது என்ற ரீதியில் வரிசையாகத் தீர்ப்புகள். காபிக் கோப்பையில் அச்சடிக்கத் தோதான வாக்கியங்கள். படிக்கும்போது சிரிப்பு வரும், ஒத்துக்கிறேன். ஆனா இரண்டாம் தடவை படிச்சுப் பாருங்க. ஒரு வாக்கியத்துக்கும் காரணம் இல்லை, ஒரு உதாரணம்கூட இல்லை. பேசிக் கற்றுக்கொண்டு பிறகு மிக நன்றாக எழுதிய புரோகிராமர்கள் ஒரு தலைமுறையே இருக்கிறது. 498ஐ எந்த ரெஃப்ரீயும் திருப்பி அனுப்பியிருப்பார். அவர் செய்வது சரியாகவும் இருந்திருக்கும்.

அதற்காக ரெஃப்ரீ இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. புகழ்பெற்ற 'கோ டூ' கடிதம் 1968ல் ஏ.சி.எம். இதழில் வந்தது. குறிப்பாக இருந்தபோது அதன் தலைப்பு, 'கோ டூ'வுக்கு எதிராக ஒரு வாதம் என்கிற அளவில் சாதுவானது. 'தீங்கானது' என்ற சொல்லைத் தலைப்பில் ஏற்றியது ஆசிரியர் நிக்லாஸ் விர்த். இன்றுவரை டைக்ஸ்ட்ரா என்றாலே நினைவுக்கு வரும் அந்தக் கடுமையில் ஒரு பங்கு பத்திரிகை ஆசிரியருடையது.

498க்கு நேர் எதிர்ப்பக்கத்தில் 831ஐ வைக்கிறேன். 1982 ஆகஸ்ட், கையெழுத்தில் சில பக்கம், எண்ணிக்கை ஏன் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்பது விஷயம். எழுதத் தூண்டியது ஓர் ஆபீஸ் சண்டை. பல்கலைக்கழகத்தில் ஒரு கணிதப் பேராசிரியர், பூஜ்யத்திலிருந்து எண்ணும் இளைஞர்களைப் பார்த்து இது வெறும் அலட்டல் என்று பொரிந்து தள்ளிவிட்டார். டைக்ஸ்ட்ரா உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறார். 2 முதல் 12 வரையுள்ள எண்களைக் குறிக்க நான்கு வழி உண்டு. இரண்டு முனையையும் சேர்க்கலாம், இரண்டையும் விடலாம், ஒன்றைச் சேர்த்து மற்றதை விடலாம். ஒரு முனையை மட்டும் சேர்த்தால் மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்ததும் எத்தனை எண்கள் என்பது கிடைத்துவிடும். 2 சேரும், 13 சேராது என்றால் 13 கழித்தல் 2, பதினொன்று. சரி, எந்த முனையைச் சேர்ப்பது? கீழ் முனையை விட்டால், பூஜ்யத்திலிருந்து எண்ணும்போது அதற்கு முந்தைய எண்ணைத் தேடி இயல் எண்களுக்கு வெளியே போக வேண்டும். மேல் முனையைச் சேர்த்தால், ஒன்றுமே இல்லாத வரிசையை எழுதும்போது அதே அவலம். ஆகவே கீழே சேர்த்து மேலே விடு. இப்போது பத்துப் பொருளை ஒன்றிலிருந்து எண்ணினால் 1 சேரும், 11 சேராது. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 0 சேரும், 10 சேராது. எது பார்க்க நல்லா இருக்கு? அவ்வளவுதான் வாதம். பக்க எண்ணும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறது, குறும்பு.

இதிலும் கோபம் இருக்கு. ஆனால் கோபம் எழுதத் தூண்டியதோடு நின்றுகொள்கிறது, வேலையைச் செய்வது வாதம். ஒத்துக்கொள்ளாத ஆள் எந்தப் படியில் ஒத்துக்கொள்ளவில்லை என்று கைவைத்துக் காட்ட முடியும். 498ல் கைவைக்க ஒரு படியும் இல்லை.

சுவாரசியமான இடம் இனிமேல்தான். 1977ல் டிமில்லோ, லிப்டன், பெர்லிஸ் என்ற மூன்று பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள். கணிதத்தில் ஒரு நிரூபணத்தை நாம் நம்புவது அது தர்க்கப்படி சரியாக இருப்பதால் மட்டும் இல்லை. நாலு பேர் படித்து, பேசி, சந்தேகப்பட்டு, வகுப்பில் சொல்லிக் கொடுத்து, வேறு இடத்தில் பயன்படுத்திப் பார்த்ததால்தான். புரோகிராம்களின் நிரூபணம் நீளமாகவும் சலிப்பாகவும் இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள், அதனால் இந்தச் சமூக நடைமுறை அங்கே நடக்காது என்றார்கள். டைக்ஸ்ட்ராவுக்கு எங்கே எரிந்திருக்கும் என்று ஊகிக்கலாம். 638ஆம் குறிப்பில் அந்தக் கட்டுரையை மத்திய காலத்திலிருந்து வந்த அரசியல் துண்டறிக்கை என்று தலைப்பிலேயே சாடிவிட்டார்.

இதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவர் வீட்டிலேயே நடந்ததைப் பாருங்க. 1975ல் அவரும் நண்பர்களும் ஒரு கார்பேஜ் கலெக்டர் அல்காரிதத்தை உருவாக்குகிறார்கள். ஒரு புரோகிராம் இனித் தேவையில்லை என்று விட்டுவிட்ட நினைவகத் துண்டுகளைப் பொறுக்கி மறுபடி கொடுக்கும் வேலை. வழக்கமாக இதற்காகப் புரோகிராமையே நிறுத்தி வைப்பார்கள். கூட்டும்போது எல்லோரையும் வெளியே போகச் சொல்வது மாதிரி. இவர்கள் அதை நிறுத்தாமலே, ஒருவர் புழங்கிக்கொண்டிருக்க இன்னொருவர் கூட்டும்படி செய்யப் பார்த்தார்கள். குறிப்பு வழக்கம்போல் தபாலில் போகிறது. அமெரிக்காவில் லெஸ்லி லாம்போர்ட் கைக்குக் கிடைக்கிறது. அவர் ஒன்றிரண்டு யோசனை சொல்ல, டைக்ஸ்ட்ரா தாராளமாக அவரையும் ஆசிரியர் பட்டியலில் சேர்த்து இதழுக்கு அனுப்பிவிடுகிறார்.

பிறகு நடந்ததை லாம்போர்ட்டே எழுதி வைத்திருக்கிறார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக டைக்ஸ்ட்ரா ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகல் ஒருநாள் வருகிறது. யாரோ ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டார்களாம்; என்ன பிழை என்று கடிதத்தில் இல்லை. நிரூபணம் அவ்வளவு நம்பும்படி இருந்ததால் ஏதோ சின்னதாகத்தான் இருக்கும் என்று லாம்போர்ட் நினைக்கிறார். ஒவ்வொரு படியிலும் எது மாறாமல் உண்மையாக நிற்கிறது என்று காட்டும் கறாரான முறையில் நிரூபணத்தை எழுதிப் பார்க்க உட்கார்ந்தால் கால்மணி நேரத்தில் பிழை அகப்படுகிறது. சின்னது இல்லை, பெரிய ஓட்டை. இரண்டு செயல்களின் வரிசையை மாற்றினால் சரியாகலாம் என்று தோன்ற, இரண்டு நாள் மாரடித்து அதற்கும் நிரூபணம் எழுதி முடிக்கிறார். அதற்குள் டைக்ஸ்ட்ரா வேறு இரண்டு செயல்களை மாற்றிச் சரிசெய்துவிட்டார், அதுதான் கொஞ்சம் வேகமானது. ஆனால் நிரூபணம் பழைய பாணியிலேயே: இது நடந்தால் அது நடக்கும், அது நடந்தால் இது என்று கதை சொல்லும் பாணி. கறாராக எழுதலாமே என்று லாம்போர்ட் கேட்க, டைக்ஸ்ட்ரா முழுசாக இறங்கி வரவில்லை. கொஞ்சம் மட்டும் மாற்றினார். 1978ல் ஐந்து பேர் பெயரோடு கட்டுரை வெளிவந்தது.

நிரூபணத்தின் கறார்தான் உயிர் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தன் நிரூபணம் ஒருமுறை விழுந்த பிறகும் கறாருக்கு முழுசாகச் சம்மதிக்கவில்லை. அவரைக் காப்பாற்றியது தபால்பெட்டி. படித்தார்கள், சந்தேகப்பட்டார்கள், திருப்பி எழுதினார்கள். 638ல் அவர் திட்டித் தீர்த்த அந்த மூவர் சொன்ன சமூக நடைமுறை இதுதானே! அவருடைய நகல் வலைப்பின்னலே அவர்கள் பக்கத்துச் சாட்சி. 638ல் இதைப் பற்றி ஒரு வார்த்தை இருந்திருந்தால் அது எவ்வளவு பெரிய கட்டுரையாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அதே சமயம் மூவரும் முழுசாக ஜெயிக்கவில்லை. புரோகிராம் நிரூபணத்தை யாரும் படிக்க மாட்டார்கள் என்றார்களே, இங்கே படித்திருக்கிறார்கள். ஏன்? சுருக்கமாக, சுத்தமாக, ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனுக்கு எழுதும் கடிதம் போல எழுதப்பட்டிருந்ததால். படிக்கும்படி எழுதினால் படிப்பார்கள் என்பதற்கு அந்தக் குறிப்பே ஆதாரம். இரண்டு தரப்பும் தங்கள் கையில் இருந்த நல்ல உதாரணத்தைப் பயன்படுத்தாமல் சண்டை போட்டிருக்கிறார்கள்.

ஆக, குறிப்புகளை நான் இப்போது பிரித்துப் பார்க்கும் விதம் இது: எதிராளி பதில் எழுத இடம் வைத்து எழுதியவை, இடம் வைக்காமல் எழுதியவை. முதல் வகை இன்றும் உயிரோடு இருக்கிறது. இரண்டாவது வகைதான் போஸ்டர்களில் இருக்கிறது. கடைசிக் குறிப்பான 1318 முதல் வகை. ஒரு நிரூபணத்தில் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் தொப்பியிலிருந்து முயல் எடுப்பதுபோல் வந்து விழும் ஒரு படி அவரை உறுத்துகிறது. அது எப்படித் தோன்றியிருக்கும் என்று தேடிப் பார்க்கிறார். வயது 71. கையெழுத்து அப்போதும் அச்சுக் கோத்த மாதிரி.

புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் 831ல் ஆரம்பியுங்க. அடுத்து ஏதாவது இரண்டு பயண அறிக்கை. பிறகு 638, கூடவே அந்த மூவரின் கட்டுரை. ஒன்றை மட்டும் படிக்காதீங்க. 498 எங்கேயும் ஓடிப்போகாது, கடைசியில் பார்த்துக்கலாம்.