ஐபோன் அழகுதான், என் மனசு ஆண்ட்ராய்டில்

ஐபோன் அருமையான கருவி. அதை முழு மனசோடு சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். அக்கா மகன் புது மாடல் வாங்கியதும் பழைய ஐபோனை என் கையில் திணித்து, "மாமா, கொஞ்ச நாள் வச்சுப் பாருங்க. அப்புறம் ஆண்ட்ராய்டு பக்கமே திரும்ப மாட்டீங்க" என்றான். மாறிவிடலாமா என்ற எண்ணம் எனக்கும் ரொம்ப நாளாக உண்டு. அதனால் சும்மா தடவிப் பார்க்காமல் சிம்மையே அதில் போட்டு, வங்கி, வாட்ஸ்அப், எழுத்து வேலை எல்லாவற்றையும் அதிலேயே செய்தேன்.

வீடியோவில் அசந்துபோனேன். தெருவில் நடந்துகொண்டே எடுத்தாலும் படம் ஆடவில்லை. இன்னொரு விஷயம்: 2013-ல் வந்த ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியில்கூடப் பாதுகாப்பு அப்டேட் வந்தது. வாங்கியவரை அத்தனை காலம் கைவிடாமல் வைத்திருப்பது பெரிய குணம். 2009-ல் 3ஜிஎஸ் மாடலோடு வந்த, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர், வழவழப்பான கண்ணாடித் திரையைப் பார்வையற்றவர்களும் பயன்படுத்த வழிசெய்தது. இதையெல்லாம் மதிக்காமல் ஐபோனை வெறும் பந்தா என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் நான் நாள் முழுக்கப் போனில் செய்வது எழுதுவதும் படிப்பதும். அந்த இரண்டுக்கும் ஆண்ட்ராய்டைப் போல ஒன்று கிடையாது!

கீபோர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ல் வந்த ஆண்ட்ராய்டு 1.5-லேயே, வெளியார் செய்த கீபோர்டைப் போனில் சேர்த்துக்கொள்ள வழி இருந்தது. ஐபோனில் அந்த வழி திறந்தது 2014-ல், ஐஓஎஸ் 8 வந்த பிறகு. (அதற்கு முந்தைய ஆண்டே ஐஓஎஸ் 7-ல் தமிழ்99, அஞ்சல் கீபோர்டுகளை ஆப்பிள் போனோடு சேர்த்துக் கொடுத்தது. அதற்கு என் நன்றி என்றும் உண்டு.) என் ஆண்ட்ராய்டில் தமிழ்99-க்குச் செல்லினம், அவசரத்துக்கு ஜிபோர்டு. ஜிபோர்டில் ஆங்கில எழுத்தில் தட்டினாலும் தமிழ் வரும், திரையில் விரலால் எழுதினாலும் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பேசினால் வரும். கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழுக்குக் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்ததை நான் ஒரு திருநாளாகவே நினைக்கிறேன். எங்கள் அம்மாவுக்குத் தட்டச்சு வராது. மைக் படத்தை அமுக்கி, "பேத்திக்குக் காய்ச்சல் விட்டிருச்சா, கஞ்சி குடிச்சாளா" என்று போனைப் பார்த்துக் கேட்கிறார். எழுத்து வரிசையாக வந்து விழுகிறது. நடுவில் ஒரு சொல் பிசகினாலும் அக்காவுக்குப் புரிந்துவிடும். அம்மா தன் கையால் அனுப்பிய செய்தி என்று அக்கா அவற்றை அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

படிப்பதற்கு வருவோம். தமிழ்ச் செய்தித் தளங்களை வெறும் பிரவுசரில் திறந்தால் விளம்பரத்துக்கு நடுவே செய்தியைத் தேட வேண்டும். ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டு, அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேர்த்துப் பாருங்கள். பக்கம் துடைத்துவிட்டதுபோல் வந்து நிற்கும். ஐபோன் ஃபயர்ஃபாக்ஸில் இது நடக்காது. அங்கே அந்தப் பிரவுசருக்குள்ளும் ஆப்பிளின் வெப்கிட்தான் ஓடுகிறது, இந்தச் சேர்க்கைகளுக்கு இடமில்லை. அப்புறம் எஃப்-டிராய்டு. திறந்த மூலச் செயலிகள் மட்டுமே உள்ள கிடங்கு, எல்லாம் இலவசம். கேஓரீடர் என்ற வாசிப்புச் செயலியை அங்கிருந்துதான் இறக்கினேன். மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை அதில் போட்டு, எனக்குப் பிடித்த எழுத்துருவை வைத்து, வரிக்கு வரி இடைவெளி கூட்டிக்கொண்டு படிக்கும் சுகத்தைச் சொல்லி முடியாது. சங்க இலக்கியம் முழுக்கச் சட்டைப் பையில் இருக்கிறது!

பின்னால் போவதற்கான சைகையை நினைத்தாலே எனக்கு உற்சாகம் வந்துவிடும். ஆண்ட்ராய்டில் எந்தச் செயலியானாலும் திரையின் இடது ஓரத்திலோ வலது ஓரத்திலோ விரலை உள்ளே இழுத்தால் போதும். ஐபோனில் சில செயலிகளில் இடது ஓரம், சிலதில் மேல் மூலையில் அம்புக்குறி, சிலதில் கீழே தள்ள வேண்டும். பெரிய போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பேருந்தில் நிற்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

என் போனில் இயர்போன் துளையும் எஃப்எம்மும் உண்டு. ஒயரை மாட்டினால் அதுவே ஏரியல். டேட்டாவில் கைவைக்காமல் கொடைக்கானல் பண்பலை 100.5 பாடும். ஐபோனில் எஃப்எம் கிடையாது. 2016-ல் ஐபோன் 7 வந்தபோது இயர்போன் துளையும் போய்விட்டது. ரேடியோ கேட்டு வளர்ந்தவனுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

இதற்கெல்லாம் வேர் ஒன்றுதான். கூகுள் 2008-ல் ஆண்ட்ராய்டின் மூலநிரலை உலகத்துக்குத் திறந்து வைத்தது. அதை எடுத்துத் தன்னார்வலர்கள் லினேஜ்ஓஎஸ் என்ற இயங்குதளத்தைச் செய்கிறார்கள். கம்பெனி அப்டேட்டை நிறுத்திய என் பழைய போனில் அதை ஏற்றினேன். இன்று அது சமையலறை அலமாரியில் பாட்டுப் பெட்டியாக உயிரோடு இருக்கிறது. புது ஆண்ட்ராய்டு திரையில் எழும்பி வந்த அந்த நிமிடம் எனக்கு உண்டான சந்தோஷம், புதுப் போன் வாங்கியபோதுகூட வந்ததில்லை.

மனசை உறுத்துவது ஒன்று உண்டு. பிளே ஸ்டோருக்கு வெளியே செயலி தருகிறவர்களும் தங்கள் அடையாளத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்று கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. எஃப்-டிராய்டு கடுமையாக எதிர்த்தது. அனுபவம் உள்ளவர்கள் எச்சரிக்கையைப் படித்துவிட்டு நிறுவ வழி வைப்பதாக நவம்பரில் கூகுள் இறங்கி வந்தது. மோசடிச் செயலிகளால் பணத்தை இழந்தவர்கள் எத்தனையோ பேர் என்பதால் கூகுளின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த வழி அடைபடவே கூடாது. பெயர் தெரியாத யாரோ ஒருவர் இரவில் உட்கார்ந்து எழுதிய செயலி என் போனில் ஓடுகிறதே, அதற்காகத்தான் நான் இந்தப் பக்கம் இருக்கிறேன்.

ஐபோனை அக்கா மகனிடமே திருப்பிக் கொடுத்தேன். "என்ன மாமா, பிடிக்கலையா?" என்றான். பிடித்தது, மாறத்தான் மனசு வரவில்லை என்றேன். அப்டேட் விஷயத்திலும் இப்போது எனக்குக் குறையில்லை. 2023-ல் பிக்சல் 8-க்கும் அடுத்த ஆண்டு கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்துவிட்டார்கள். அந்த வரிசையில் ஒன்றுக்குத்தான் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் எஃப்எம் கிடையாது, அதனால் இப்போதைய போனும் கூடவே இருக்கும்.