கேட்கும் துடுப்பு

புளியந்தீவின் பழைய கோட்டைக்கும் கல்லடிப் பாலத்துக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பில், காற்று ஓய்ந்த நிலா இரவுகளில் தோணியை அசைவின்றி நிறுத்தி, துடுப்பின் அலகை நீருள் ஆழ்த்தி, அதன் மறுமுனையைக் காதோடு சேர்த்து, வாவியின் அடியிலிருந்து எழும் நாதத்தைக் கேட்கின்ற வழக்கம் மட்டக்களப்பின் தனிப்பெருமையாக நெடுங்காலமாய்ப் பேசப்பட்டு வருகிறது. ‘மீன்பாடும் தேன்நாடு’ என்ற அடைமொழி இந்த அனுபவத்தின் மீதே நிற்கிறது. யாழ் நூலை 1947 ஆம் ஆண்டில் வெளியிட்டுவிட்டு அவ்வாண்டிலேயே மறைந்த விபுலாநந்த அடிகள், இவ்வாவியின் இசையை நீரரமகளிர் பாடலாகக் கற்பனை செய்து கவி புனைந்ததும் இதே நீரைக் குறித்துத்தான். பாட்டைப் புகழ்ந்தோர் இவ்வாறு பலராயிருக்க, அப்பாட்டைச் செவிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கருவியைப் பற்றிய விசாரணை மட்டும் அருகியே காணப்படுகிறது. துடுப்பு எவ்வாறு கேட்கிறது, எதைக் கேட்கத் தவறுகிறது, அதை நம்பி நாம் வாவியைப் பற்றி என்னென்ன முடிவுகளுக்கு வந்திருக்கிறோம் என்பவற்றை நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பது, அந்த வழக்கத்தின்மீது பற்றுடையவர்களின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

ஒலியைத் துணைக்கொண்டு பிராணியை நாடுவதற்கு வேறொரு மார்க்கமும் உலகில் உண்டு. வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் எல்க் என்னும் பெரிய மானைத் தேடிச் செல்லும் வேட்டைக்காரர், அம்மான்கள் இணைசேரும் செப்டெம்பர் மாதத்தில், மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழலொன்றைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு காட்டுக்குள் புகுகின்றனர். நாவுக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே மெல்லிய ரப்பர்ச் சவ்வை வைத்து ஊதி, அவ்வோசையைக் குழலின் வழியே பெருக்கி, தன் இடத்தைப் பறிக்க வந்த இன்னோர் ஆண்மானின் கூவல் அது என்று மானை நம்பவைத்து, அம்பெய்யும் தூரத்துக்கு அதை வரவழைப்பது அவர்களது முறை. குழல் நீண்டிருந்தால் அடிக்குரல் செழிக்கும், ஆனால் புதர்களில் மாட்டிக்கொள்ளும். குட்டையாயிருந்தால் சுமப்பது இலேசு, ஆனால் ஓசை மெலியும். கிளையில் உரசினால் பிளாஸ்டிக் தானே சத்தமிட்டுக் காரியத்தைக் கெடுக்கும் என்பதற்காக அதற்குத் துணியுறை போடுவாரும் உளர். இத்தனை கவனத்தோடு தெரிந்தெடுக்கப்படும் அந்தக் குழலுக்கு ஒரு தோஷம் உண்டு. பலரும் ஓயாமல் ஊதுகின்ற காடுகளில் ஆண்மான்கள் நாளடைவில் பதில் கூவுவதையே நிறுத்திவிடுகின்றன என்று அவ்வேட்டைக்காரரே சொல்லுகின்றனர். கேட்க விரும்பிய குரலையே அது ஈற்றில் அடக்கிவிடுகிறது.

நம் இலக்கியத்திலும் இந்த மார்க்கத்தின் நினைவு உண்டு. யாழின் இன்னிசையால் அசுணம் என்னும் இசையறி விலங்கை மயக்கி அருகே வரச்செய்து, பின்னர் பறையொலியால் அதைக் கொல்லும் வேடர் செயலை நற்றிணை முதலிய சங்க நூல்களும் அவற்றின் உரைகளும் அறிந்திருந்தன. இலங்கையின் மலைநாட்டிலும் மரையை எல்க் என்றே அழைத்து வேட்டையாடிய வெள்ளைக்காரத் துரைமார் இருந்தனர். அவர்களுள் பேர்பெற்ற சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் நம்பியிருந்தது நாய்க்கூட்டத்தையும் கத்தியையுமே. குழலும் யாழும் நாயும் ஆகிய இம்மூன்றும் பிராணியின் வாழ்வுக்குள் தலையிடுவதில் ஒத்தவை. வாவியில் தாழ்த்தப்படும் துடுப்போ அடியில் கிடக்கும் உயிரிடம் எதையும் வேண்டுவதில்லை, அதை ஏமாற்றுவதுமில்லை. இவ்வழக்கத்தின் முதற் சிறப்பாக நான் கொள்ளுவது இதையே.

இரண்டாவது சிறப்பு பௌதிக சாஸ்திரத்தைச் சேர்ந்தது. அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். நீரினுள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் வேகத்தில் செல்லுகிறது. காற்றில் அதன் வேகம் 340 மீற்றர் அளவே. வேகத்திலும் அடர்த்தியிலும் உள்ள இப்பெரும் வேற்றுமையினால், நீருள் பிறந்த ஒலி மேற்பரப்பை வந்தடையும்போது அதன் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கே காற்றுக்குள் கடக்க, எஞ்சியதெல்லாம் மீண்டும் நீருக்கே திருப்பியனுப்பப்படுகிறது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, மீன் பாடவில்லையே என்று ஏமாந்து திரும்புகிறவர்களுக்கு இதுவே விடை. மரமோ வேறு இயல்புடையது. அதன் நார் ஓடும் திசையில் ஒலி நொடிக்கு நாலாயிரம் மீற்றர் அளவில் விரைகிறது. மரத்தின் அடர்த்தி நீரைவிடக் குறைவாயிருப்பினும், அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கிக் கண்டால் கிடைக்கும் தொகை நீருக்குரிய தொகைக்கு வெகு அணித்தாகவே வந்து நிற்கிறது. ஆகவே, நீரிலிருந்து மரத்துக்கும், மரத்திலிருந்து காதின் பின்புற எலும்புக்கும் ஒலி பெரிய இழப்பின்றி ஏறிச் செல்லுகிறது. காற்று என்ற தடையை முற்றாக விலக்கிவிட்டு, நீர், மரம், எலும்பு என்று ஒரு தொடர்வழியை அமைத்துவிடுகிறது துடுப்பு.

கருவியைத் தெரியும் முறையும் இதிலிருந்தே பெறப்படும். நார் நேராக ஓடுவதும், கணுவும் வெடிப்பும் இல்லாததும், நன்றாக உலர்ந்ததுமான ஒரே மரத்தில் கடைந்த துடுப்பே சிறந்தது. அலகு ஒரு துண்டாகவும் தண்டு ஒரு துண்டாகவும் ஆணியால் இணைத்தது, இணைப்பிலேயே ஒலியின் பெரும்பகுதியை இழந்துவிடும். அலகு அகன்றிருந்தால் நீரைத் தொடும் பரப்பு மிகும். மறுமுனையைக் காதின் துவாரத்துக்குள் திணிப்பதைவிடக் காதின் பின்னெலும்பில் அழுத்துவதும், அதனினும் பல்லால் இலேசாகக் கடித்துக் கொள்ளுவதும் பயன் தருவன. கணுக்களை உடைத்தெடுத்த மூங்கிற் குழல் இதனினும் மேலானதாயிருக்கும் என்று எண்ணுவது இயல்பே. லியனார்டோ டா வின்சியும், நீண்ட குழலொன்றின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைத்தால் தொலைவில் செல்லும் கப்பல்களை அறியலாம் என்று பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் குறித்து வைத்தார். எனினும், வாய் திறந்த குழலுக்குள் நிற்பது காற்றே ஆதலின், நாம் விலக்க முயன்ற தடை அங்கே மறுபடியும் வந்து அமர்ந்துவிடுகிறது. மூங்கிலில் கேட்பதாக நாம் எண்ணுவதில் பெரும்பகுதி அதன் சுவர் வழியே வருவது. 1826 ஆம் ஆண்டில் ஜெனீவா ஏரியில், ஒரு கரையருகே நீருள் மணியை அடித்து, பதின்மூன்று கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தில் அதைக் கேட்டு, நீரில் ஒலியின் வேகத்தை நொடிக்கு 1,435 மீற்றர் என அளந்த கொலடோன், தமது நீண்ட தகரக் குழலின் கீழ்முனையைத் தகட்டால் மூடியே பயன்படுத்தினார். மூங்கிலை விரும்புவோர் அதன் அடிக்கணுவை உடைக்காமல் விட்டால், அந்த விஞ்ஞானி செய்த காரியத்தையே தாமும் செய்தவராவர்.

சுமப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்க் வேட்டைக்காரன் தன் குழலை அதற்கென்றே வாங்கி, அதற்கென்றே சுமக்கிறான். வாவியில் வலை போடுகிறவனுக்கோ துடுப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது. அத்தாங்கோடும் வீச்சுவலையோடும் செல்லும் ஏழைத் தொழிலாளியின் காதுக்கும் வாவியின் இரகசியத்துக்கும் இடையே ஒரு காசும் செலவாக வேண்டியதில்லை என்பது அற்ப நன்மையன்று. குறையும் அதிலேயே உண்டு: தோணியைச் செலுத்தும் கருவியே கேட்கும் கருவியும் ஆகையால், கேட்கும்போது செலுத்த இயலாது, செலுத்தாத தோணி காற்றுக்குத் திரும்பும், திரும்பும் தோணியின் விளிம்பில் நீர் அறையும் சத்தம் அதே மரத்தில் ஏறிவந்து பாட்டோடு கலந்துவிடும். துடுப்பைத் தோணியின் விளிம்பில் தொடவிடாமல் கையில் ஏந்தியிருப்பதும், காலை அசைக்காதிருப்பதும் இதற்காகவே வேண்டப்படுகின்றன.

இனி, இவ்வழக்கத்தின் பெருங்குறைகளுக்கு வருவோம். துடுப்பு திசையை அறிவிப்பதில்லை. எத்தனை உயிர்கள் பாடுகின்றன, எவ்வுயிர் பாடுகிறது என்று சொல்லுவதுமில்லை. அது கொடுப்பது ஒலியை மட்டுமே. பெயரைக் கொடுப்பவன் கேட்பவன். இந்த இடைவெளியில் எத்துணைப் பெரிய அறிஞரும் வழுக்கி விழக்கூடும் என்பதற்கு எமர்சன் டெனன்ட் ஓர் உதாரணம். இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த அவர் 1848 ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்து, இரவில் தோணியேறி இந்த நாதத்தைக் கேட்டு, 1859 ஆம் ஆண்டில் வெளியான தமது ‘சிலோன்’ என்னும் நூலில் அதை வருணித்தார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது பிறக்கும் மெல்லோசையை ஒத்தது என்றும், ஒரே நீண்ட சுரமாக அன்றிப் பல சிற்றொலிகளின் கூட்டமாக ஒலித்தது என்றும், தோணியின் மரத்தில் காதை வைத்தபோது அது பன்மடங்கு பெருகிற்று என்றும் அவர் எழுதியவை கூர்மையான அவதானிப்புகள். தோணி நகர்ந்தபோது ஒலி மறைந்ததையும், பழைய இடத்துக்கு மீண்டபோது அது மீண்டும் கேட்டதையும் கவனித்தார். அதிலிருந்து, பாடும் உயிர்கள் இடம்பெயராதவை, ஆகவே அவை மீன்களாயிருக்க முடியாது என்ற முடிவுக்கு அவர் தாவினார். வலைஞர் ஊரி என்னும் நீர்நத்தை வகைகளை எடுத்துவந்து காட்டியது அவரது ஊகத்துக்கு உரமிட்டது.

அவதானிப்புச் சரி, அனுமானம் தவறு. ஓரிடத்திலேயே தங்கிப் பாடும் மீன்கள் உண்டு. தேரை மீன் குடும்பத்து ஆண்மீன்கள், கல்லிடுக்கிலோ சேற்றுப் பள்ளத்திலோ கூடமைத்து, பெண்மீனை அழைப்பதற்காகக் காற்றுப்பையின் தசையை அதிவேகமாகத் துடிக்கச் செய்து, அவ்விடம் விட்டு நகராமல் மணிக்கணக்காக ஒலியெழுப்புகின்றன. ஆக, ஒலி நிலையாயிருப்பது மீனை விலக்குவதற்கும் ஊரியை நிலைநாட்டுவதற்கும் போதிய சான்றன்று. டெனன்டைக் குறை கூறுவது என் நோக்கமன்று. இருநூறு ஆண்டுகளுக்கு அண்மித்த காலமாக மீனா ஊரியா என்று நாம் நடத்திவரும் வழக்கு, துடுப்பு என்ற ஒரே சாட்சியை வைத்துக்கொண்டு தீர்ப்பளிக்க முடியாத வழக்கு என்பதே நான் வற்புறுத்துவது.

இதனினும் ஆழமான குறையொன்று உண்டு. அதைப் பற்றிப் பேசுவாரையே காண்பது அரிது. வாவி பௌர்ணமியை அண்டிய இரவுகளிலேயே பாடும், மழைக்காலத்தில் பாடாது என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தி. ஆனால், கேட்கச் செல்லும் மனிதர் எப்போது தோணி ஏறினர்? நிலவொளி இருந்தபோது ஏறினர். காற்று அடங்கியிருந்தபோது ஏறினர். வடகீழ்ப் பருவக்காற்றில் வெள்ளம் புரண்டு முகத்துவாரம் வெட்டிவிடப்படும் மார்கழியில் ஒருவரும் பாட்டுக் கேட்க ஏறவில்லை. அமாவாசை இருளில் வலைக்குச் சென்றவன் தன் பிழைப்பில் கவனம் வைத்திருந்தானேயன்றித் துடுப்பில் காது வைத்திருக்கவில்லை. அவ்வாறாயின், பௌர்ணமியில்தான் பாடுகிறது என்ற நம் நம்பிக்கையில் எவ்வளவு வாவியின் இயல்பு, எவ்வளவு நம்முடைய உல்லாசத்தின் இயல்பு? மழைநீர் கலந்து உவர்ப்புக் குன்றும்போது பிராணிகள் ஒதுங்குவது நியாயமான காரணமே. நிலவோடு இனப்பெருக்கத்தை இசைத்துக்கொள்ளும் கடல்வாழ் உயிர்களும் பலவுண்டு. இருந்தபோதிலும், எல்லா இரவுகளிலும் கேட்டுப் பார்த்தாலன்றி இவற்றைப் பிரித்தறிய வழியில்லை. நம் வழக்கமோ தனக்குப் பிரியமான இரவுகளை மட்டுமே தெரிந்தெடுத்துக் கொண்டது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் இரவு வாவி நமக்குத் தடைப்பட்டிருந்ததும் சேர, கேள்வியின் தொடர்ச்சியும் அறுந்துபோயிற்று. இன்று முதியோர் ‘முந்தின மாதிரிக் கேக்கிறல்ல’ என்று சொல்லும்போது, பாட்டுக் குறைந்ததா, செவி குறைந்ததா, பாலத்தின் இரைச்சல் மிகுந்ததா என்று நிர்ணயிப்பதற்கு எழுத்திலுள்ள ஆதாரம் நம்மிடம் இல்லாமற் போனது இதனாலேயே.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் லாங் என்னும் கத்தோலிக்கத் துறவி இவ்வொலியைப் பதிவுசெய்து வானொலியில் ஒலிக்கச் செய்தது பெரிய உபகாரம். நீரொலிவாங்கி என்ற கருவியை இக்காலத்தில் இரவு முழுவதும் நீரில் கிடத்தி, மழையிலும் இருளிலும் மனிதனின்றியே கேட்கச் செய்ய முடியும். இரண்டு மூன்றை இடைவெளிவிட்டு வைத்தால் திசையும் அகப்படும். ஆனால், துடுப்பைக் கைவிட்டு இதைக் கையேற்க வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. இயந்திரப் படகில் விருந்தினரை ஏற்றிச் சென்று, பொறியை அணைத்த மறுகணமே ‘கேட்கிறதா?’ என்று வினவுகின்ற புதிய உல்லாசப் பயணத்தைவிட, அசையாமல் அரைமணி நேரம் காத்திருக்கக் கற்பிக்கும் மரத்துண்டு பன்மடங்கு மேலான ஆசான். பிள்ளைகள் கையில் முதலில் கொடுக்க வேண்டியது அதுவே. குறிப்பேட்டையும் அதனோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். திகதி, நேரம், பிறை, காற்று, முகத்துவாரம் திறந்திருந்ததா அடைத்திருந்ததா, ஒலி கேட்டதா என்ற இவ்வளவுமே எழுத வேண்டியவை; கேட்காத இரவையும் கேட்ட இரவைப் போன்றே கருத்தாகப் பதிய வேண்டும்.

கல்லடியில் 1924 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட மானிங் சீமாட்டி பாலத்தின் பக்கத்தில் 2013 ஆம் ஆண்டில் புதிய பாலமும் எழுந்துவிட்டதால், பழைய தூண்களின் அருகே ஒரு நிலையான இடத்தைத் தெரிந்து, துடுப்பையும் நீரொலிவாங்கியையும் ஒரே ஆழத்தில் ஒரே வேளையில் இறக்கிப் பார்ப்பது இன்று கடினமான காரியமன்று. தொடங்குகிறவர்கள் பௌர்ணமிக்காகக் காத்திராமல், வருகின்ற அமாவாசையிலிருந்தே தொடங்குவார்களாக.