காற்று எந்தப் பக்கம்?

நெருப்பைப் படம் பிடிப்பதைப்போலச் சுலபமான காரியம் வேறு இல்லை என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. படமெடுப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பூவையோ குழந்தையையோ எடுக்கிறவன் வெளிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டும். நெருப்பு தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுவந்துவிடுகிறது. இருட்டும் ஒரு மலையும் துணைக்கு இருந்துவிட்டால், கைப்பேசி வைத்திருக்கிற பள்ளிக்கூடப் பையன்கூட மகா கலைஞனாகிவிடலாம். ஆகவே நெருப்புப் படங்கள் மட்டுமே அடங்கிய ஒரு புத்தகத்தை நண்பர் ஒருவர் என் கையில் வைத்தபோது, கொஞ்சம் அவநம்பிக்கையோடுதான் பிரித்தேன்.

லாரி ஷ்வார்ம் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரின் ‘ஆன் ஃபயர்’. 2003-இல் வெளிவந்தது. கான்ஸஸ் மாநிலத்தில் ஃபிளின்ட் ஹில்ஸ் என்று ஒரு புல்வெளிப் பிரதேசம் இருக்கிறது. அங்கே மாட்டுப் பண்ணைக்காரர்கள் வசந்த காலத்தில் பழைய புல்லைத் தாங்களே கொளுத்திவிடுகிறார்கள். கருகின இடத்தில் இளம்புல் தளிர்க்கும்; மாடு கொழுக்கும். கொளுத்தாமல் விட்டால் புதரும் மரமும் புகுந்து, புல்வெளியே இல்லாமல் போய்விடும். ஷ்வார்ம் அந்தப் பக்கத்துக்காரர். வருஷக்கணக்காக அந்தத் தீக்களின் பின்னாலேயே அலைந்து எடுத்த படங்கள் இவை. ராபர்ட் ஆடம்ஸ் தேர்ந்தெடுத்துப் பரிசு பெற்ற நூல் இது. ஆடம்ஸும் சாமான்யப்பட்ட புகைப்படக்காரர் அல்ல.

இரண்டு மூன்று படங்கள் தாண்டியதும் என் அவநம்பிக்கை போய்விட்டது. தொடுவானத்தில் ஓடும் மெல்லிய தீக்கோட்டை இவர் கைகொட்டிக் காட்டுவதில்லை. எட்ட நின்று, அடங்கிய குரலில் சொல்கிறார். புகையைத் தீக்குச் சமமாக மதிக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் பயமுறுத்த வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லை. இப்படி அடங்கி நிற்பது எழுத்தாளர்களுக்கே கைவராத குணம். எனக்குக் கைவந்ததில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் புத்தகம் என்னோடு தேவாரத்துக்கும் வந்தது. போடியிலிருந்து தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். மேற்கே எழுந்து நிற்கும் மலையைத் தாண்டினால் கேரளத்து ஏலத் தோட்டங்கள். இந்தப் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து அந்தத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய், இருட்டினபிறகு திரும்புகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் மழை. இந்தப் பக்கம் மழைமறைவு. தை பிறந்து பனி விலகினால், சரிவில் ஆளுயரம் நிற்கிற புல் காய்ந்து வைக்கோலாகிவிடும்.

நண்பர் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தபோது மலையில் ஒரு தீக்கோடு தெரிந்தது. நான் பதறினேன். நண்பர் காபியை ஆற்றிக்கொண்டே, “பயர் லைன் எரிக்கிறாங்க. நாளைக்கு அடிவாரத்திலேயே எரிப்பாங்க, வேணும்னா ரோட்டில் நின்னு பாருங்க” என்றார்.

மறுநாள் மாலை போனேன். காட்டின் ஓரமாக இரண்டு பக்கமும் புல்லை வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். நடுவில் காய்ந்த புல் ஒரு பட்டையாகக் கிடந்தது. வெயில் தாழ்ந்து காற்று அடங்கும்வரை யாரும் நெருப்பைத் தொடவில்லை. ஒருவர் மண்ணை அள்ளித் தூவிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள். பிறகு மேட்டுப் பக்கத்தில் தீ வைத்து, அதைக் கீழ்நோக்கி மெதுவாக இறங்கவிட்டார்கள். இரண்டு ஓரத்திலும் பச்சைக் குழையோடு ஆட்கள். வேலியைத் தாண்டப் பார்க்கிற ஆட்டைத் தட்டுவதுபோல, தாண்டப் பார்க்கிற தீயைத் தட்டிக்கொண்டே நடந்தார்கள். தீ மேலே ஏறும்போது அதன் நாக்கு சரிவின்மேல் படிந்து, முன்னால் இருக்கிற புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் ஓட்டம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. இறங்குகிற தீ அப்படி ஓடாது. இந்த ஒரு வித்தியாசத்தின்மேல்தான் அவர்கள் தொழில் முழுவதும் நிற்கிறது.

அந்த ஆட்களில் மூத்தவர், வெகு காலமாகத் தீக்காவல் வேலை பார்க்கிறவர், அன்று இரவு நண்பர் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். ஷ்வார்மின் புத்தகத்தை அவர் மடியில் வைத்தேன். எந்த விமர்சகனும் காட்டாத பொறுமையோடு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“நல்லாத்தான் இருக்கு ஐயா. காத்து எந்தப் பக்கம்?”

அடுத்த படம். “இது ஏறுற தீயா, எறங்குற தீயா?”

இன்னொரு படம். “வச்சவங்க எங்க நிக்கிறாங்க?”

மூன்று கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. சில படங்களில் புகை சாய்ந்திருப்பதைக் கொண்டு காற்றை ஊகிக்கலாம் என்று சமாளித்தேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். அந்தப் புத்தகத்தில் மனிதர்கள் அபூர்வம். அதை நான் அதுவரை ஒரு பெருமையாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். ஆதியில் பூமி இப்படித்தான் இருந்திருக்கும் என்ற பிரமை அதனால் உண்டாகிறது. ஆனால் அது ஆதி பூமி அல்லவே. மாட்டுக்குப் புல் வேண்டும் என்று ஒருவன் நாள் பார்த்து, காற்றுப் பார்த்து வைத்த தீ. வேலையை எடுத்துவிட்டு அழகை மட்டும் வைத்துக்கொண்டால், வைத்த தீக்கும் தப்பிய தீக்கும் படத்தில் வித்தியாசமே தெரியாமல் போகிறது.

அந்த வித்தியாசம் எங்கள் பக்கத்தில் வெறும் ரசனைத் தகராறு அல்ல. 2018 மார்ச் 11-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, போடிக்கு மேலே குரங்கணி மலையில் தீ பரவியது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் மலையேற வந்து, கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் புல்சரிவில் அகப்பட்டுக்கொண்டார்கள். இருபத்து மூன்று பேர் மாண்டார்கள். சிலர் அன்றே, சிலர் ஆஸ்பத்திரியில் நாள்கணக்காகக் கிடந்து. அந்த இரவைப் பற்றி வந்த எழுத்தில் பாதிக்கு மேல் நெருப்பின் வர்ணனைதான். ‘கோரத் தாண்டவம்’, ‘செந்நாக்கு’, இப்படி. சரிவு எப்படி, புல் எவ்வளவு உயரம், காற்று எங்கிருந்து என்று நிதானமாகச் சொன்னவர்கள் குறைவு. சொல்லியிருந்தால், அடுத்து மலையேறுகிற ஒரு பையனுக்காவது உபயோகப்பட்டிருக்கும்.

தீயே ஆகாது என்ற கட்சியில் நான் இல்லை. கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர்கள் ‘தரகு பெங்கி’ என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கோடை முற்றுமுன் சருகை மட்டும் எரிக்கிற சிறு தீ அது. 1974-இல் அந்தக் காடு சரணாலயமாகியது; தீ வைப்பதற்குத் தடை. அதன்பிறகு உண்ணிச்செடி காட்டை அடைத்துக்கொண்டது என்பதும், நெல்லி மரத்தில் புல்லுருவி மிஞ்சிவிட்டது என்பதும் சோலிகர்களின் குறை. ஆராய்ச்சிக்காரர்களும் அதைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆக, தீயைப் பற்றி எழுதுகிறவனுக்கு அது யாருடைய தீ என்று தெரிந்திருக்க வேண்டும்.

வியாசருக்குத் தெரிந்திருந்தது. காண்டவ வனம் எரிகிற கட்டத்தில் கிருஷ்ணனும் அர்ஜுனனும் இரண்டு பக்கமும் நின்று, தப்பி ஓடுகிற பிராணிகளை மறிக்கிறார்கள். தீ வைத்தவன் எங்கே நிற்கிறான் என்ற கேள்விக்கு அங்கேயே பதில் வந்துவிடுகிறது. பிறகு அவர் வீரர்களை விட்டுவிட்டு ஒரு கூட்டுக்குப் போய்விடுகிறார். சிறகு முளைக்காத நான்கு குஞ்சுகள், தாய் ஜரிதை. எலி வளைக்குள் ஒளியச் சொல்கிறாள் அவள். எலியின் வாயில் சாவதைவிடத் தீயில் சாவதே மேல் என்று வாதாடுகின்றன குஞ்சுகள். எரிகிற காட்டுக்கு நடுவே இந்தக் குடும்ப வழக்கை உட்கார்ந்து கேட்கிற பொறுமை எந்தக் காமிராவுக்கும் வராது. வரவேண்டும் என்று கேட்பதும் நியாயமல்ல. ஆனால் நாவலாசிரியன் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

நான் கேட்டேன். என் நாவல் ஒன்றில் மலைத் தீ வருகிறது, பதினோரு பக்கம். விமர்சகர்கள் புகழ்ந்த இடம் அதுதான். தேவாரத்திலிருந்து திரும்பியதும் எடுத்துப் படித்துப் பார்த்தேன். என் தீ மேலிருந்து கீழே குதிரைபோலப் பாய்ந்து ஊரை விரட்டுகிறது; அதுவும் காற்றே இல்லாத ஒரு ராத்திரியில். அந்தப் பதினோரு பக்கத்திலும் ஒருவன்கூடக் குழையை ஒடிக்கவில்லை. அந்தப் பெரியவருக்குப் படிக்கிற வழக்கம் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

ஒன்று பாக்கி. அன்று மாலை நானும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்திருந்தேன். கறுத்த மலை, நடுவில் தீக்கோடு, மேலே ஒற்றை நட்சத்திரம். திண்ணையில் அதையும் பெருமையாக நீட்டினேன். பெரியவர் திரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “நான் அங்கனதானே நின்னேன்?” என்று கேட்டார்.

நின்றார். கோட்டை மறைக்கிறாரே என்று நான்தான் இரண்டடி நகர்ந்து, அவரை வெளியே தள்ளி எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் வலது ஓரத்தில் ஒரு முழங்கையும், அதில் தொங்குகிற குழையும் தெரிகின்றன.